முளைப்பயறும் பூஞ்சணமும்: மளிகை வணிகர் அறிய வேண்டியவை



மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் காலை நடைப்பயிற்சி செல்வோர் பலர் முளைப்பயறு உண்கிறார்கள். அதற்கான பச்சைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, வெந்தயம் யாவும் நம் கடைச் சரக்கே. "உங்கள் பயறு பூஞ்சணம் பூத்துவிட்டது" என்று வாடிக்கையாளர் திரும்பி வந்தால் என்ன பதில் சொல்வது? குறை பயறிலும் இருக்கலாம், முளை கட்டிய முறையிலும் இருக்கலாம். இரண்டையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

பயறின் தரம்

முளைப்பது முழுப்பயறு மட்டுமே. உடைந்த பயறும் பூச்சி அரித்த பயறும் ஊறியதும் அழுகும். பூஞ்சணம் முதலில் பற்றுவது அவற்றைத்தான். நாள்பட்ட பயறு சரிவர முளைக்காது. முளைக்காத மணிகளும் நடுவில் கிடந்து அழுகும். ஆகவே முளை கட்ட என்று கேட்போருக்குப் புதுச்சரக்கைச் சலித்துப் புடைத்துக் கொடுங்கள்.

விதைப்புக்காக மருந்து கலந்து சாயம் ஏற்றிய விதையை உணவுக்கு ஒருபோதும் விற்கக் கூடாது. அது நஞ்சு.

முளை கட்டும் முறை

பயறை இரண்டு மூன்று முறை கழுவி, நல்ல குடிநீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, நீரை முற்றிலும் வடிக்க வேண்டும். ஈரம் இருக்கலாம், நீர் தேங்கக் கூடாது. காற்றோட்டமும் வேண்டும். டப்பாவில் இறுக்கி மூடினால் புழுங்கி நாறும். நாளுக்கு இரண்டு மூன்று முறை அலசி வடிக்க வேண்டும். முளை கட்டும் துணியை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். முதல் நாள் துணியை அப்படியே மறுநாளும் பயன்படுத்துவதால்தான் பல வீடுகளில் பூஞ்சணம் வருகிறது. சென்னை வெப்பத்தில் பச்சைப்பயறு ஒரே நாளில் முளைவிடும். முளைத்ததைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

வேர்த்தூவியா, பூஞ்சணமா?

கம்பு, கேழ்வரகு முளைக்கும்போது வேரைச் சுற்றி வெண்மையாகப் பஞ்சு போல் தோன்றுவது வேர்த்தூவி. நீரில் அலசினால் அது வேரோடு படிந்து மறையும். பூஞ்சணமோ சிலந்தி வலை போல் மணிக்கு மணி படரும். முடை நாற்றமும் வழவழப்பும் இருக்கும். அப்படியானால் மேலாகக் களைந்து பயன்படுத்தாமல் முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு

பூஞ்சணம் இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். 2011ல் வட ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியால் சுமார் 3,800 பேர் நோயுற்றனர். 50 பேருக்கு மேல் இறந்தனர். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மீது பழி விழுந்து, அந்நாட்டு விவசாயிகளின் விற்பனை சரிந்தது. பின்னர் உணவகங்களுக்குச் சரக்கு சென்ற வழியைப் பின்தொடர்ந்ததில், காரணம் முளைப்பயறு என்று தெரிந்தது. எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தில் கிருமி இருந்திருக்கக்கூடும் என்று ஐரோப்பிய அதிகாரிகள் முடிவு கூறினர்.

விதையில் ஒட்டிய சிறு அளவு கிருமி, முளைக்கும் வெதுவெதுப்பிலும் ஈரத்திலும் பல மடங்கு பெருகும். கழுவினால் முற்றிலும் போகாது. எனவே குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள் வேகவைத்தே உண்ண வேண்டும். ராஜ்மாவை யாரும் பச்சையாக உண்ணக் கூடாது. இதை வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்வது நம் கடமை.

கடையில் செய்ய வேண்டியவை

1. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது மிக அவசியம்.

2. முதலில் வந்த சரக்கை முதலில் விற்றுத் தீருங்கள்.

3. மழைநீர் பட்ட மூட்டையைக் காயவைத்து நல்ல சரக்கோடு கலக்காதீர்கள். வெள்ளநீர் பட்டதை விற்கவே வேண்டாம்.

4. எந்தச் சரக்கு, யாரிடம், எந்தத் தேதியில் வாங்கியது என்ற பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஜெர்மனியில் உண்மையைக் கண்டறிய உதவியவற்றுள் இத்தகைய கணக்கும் ஒன்று. வீண்பழி வரும் நாளில் நம்மைக் காப்பதும் அதுவே.

ஒரு மூட்டை நட்டம் ஒரு மாதத்தில் ஈடாகிவிடும். ஒரு குடும்பம் நம் கடைமீது வைத்த நம்பிக்கை போனால் எளிதில் திரும்பாது.