வி. கிருஷ்ணசாமி ஐயரும் இந்தியன் பாங்கும்

நெசவாளர் கூலியிலும் விவசாயி விளைச்சலிலும் மிச்சம் பிடித்த பணத்தை ஓரிடத்தில் ஒப்படைக்கிறோம். அவ்விடத்தின் கணக்கைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா? சென்னை மாகாணத்தில் 1906ஆம் ஆண்டு இக்கேள்வி மிகக் கசப்பான முறையில் எழுந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் சென்னை அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. வெள்ளைக்காரரின் பழைய கம்பெனி என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கானோர் அதில் பணம் போட்டிருந்தனர். அது கூட்டாளிகள் சிலரின் சொத்து. பணம் போட்டவருக்கு நிர்வாகத்தில் வாக்கு இல்லை. லண்டனில் இருந்த கூட்டாளி இலாப ஆசையால் நஷ்டமடைந்த செய்தி, கதவு மூடிய பின்னரே வெளிவந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆயினும் பலருடைய வாழ்நாள் சேமிப்பு போனது போனதுதான்.

கடன்காரர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1863இல் பிறந்த அவர், காங்கிரஸில் மிதவாதிகளின் தலைவர்களுள் ஒருவர். அரசியலில் தம்மோடு மாறுபட்ட பாரதியாரின் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு வழங்கிய பெருந்தன்மையாளர். வழக்காடுவதோடு நில்லாமல், நம்மவரே நடத்தும் பாங்கு ஒன்று வேண்டுமென முயன்றார். கடல்கடந்த லேவாதேவியில் தேர்ந்த நகரத்தாரின் துணையையும் நாடினார். 1907 மார்ச் 5இல் பதிவான இந்தியன் பாங்கு, ஆகஸ்டு 15இல் வேலை தொடங்கியது. செட்டிநாட்டைச் சேர்ந்த இராமசாமி செட்டியார் அதன் முதல் டைரக்டர்களில் ஒருவர். அவர் தம்பி அண்ணாமலை செட்டியார் பின்னர் அச்சபையில் சேர்ந்தார்.

ஐயர் 1909இல் ஹைகோர்ட் நீதிபதியாகவும், 1911இல் கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினராகவும் உயர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே காலமானார். அவர் தொடங்கிய பாங்கு 1969இல் தேசவுடைமையாகி, இன்றும் நடந்து வருகிறது.

இதில் நாம் கற்கவேண்டியது யாது? தனியார் கம்பெனியில் பணம் போட்டவனுக்கு வாக்கு இல்லை. பங்குக் கம்பெனியில் பங்கின் அளவே வாக்கு. கூட்டுறவுச் சங்கத்திலோ, பங்கு சிறிதாயினும் பெரிதாயினும், ஆளுக்கு ஒரு வாக்கு. 1906இல் ஏமாந்தவர்களுக்கு இல்லாத இவ்வுரிமை நம் கையில் இருக்கிறது. மகாசபைக்கு வராதவரும், தணிக்கை அறிக்கையைப் படிக்காதவரும் அதைத் தாமே கைவிடுகின்றனர்.

அங்கத்தினர்கள் கூடிச் சிந்திக்க:

1. நம் சங்கத்தின் சென்ற ஆண்டு ஐந்தொகையை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

2. தவணை கடந்த கடன் எவ்வளவு? அதை வசூலிக்கச் செய்த ஏற்பாடு என்ன?

3. நம் பாஸ் புத்தகமும் சங்கப் பேரேடும் ஒத்திருக்கின்றனவா?