சமூக வலைத்தளமும் அதன் தரவுத்தளமும்

திறந்த மூல மென்பொருள் என்பது தன் நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் இடந்தருவது. சமூக வலைத்தளம் அமைத்தற்கென எழுதப்பட்ட இத்தகைய மென்பொருள்களுள் ஒன்று மாஸ்டடோன். ஜேர்மனியைச் சேர்ந்த யூஜின் ரொச்கோ என்பார் 2016ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். உயர்தர வகுப்பு மாணவர் ஏட்டிற் கற்கும் தரவுத்தள விதிகள் நடைமுறையில் எவ்வாறு நிற்கின்றன என்பதை அறிதற்கு இது நல்லதோர் உதாரணமாம். திரையிற் காணும் முகப்பன்று, அதன் பின்னே நின்று தரவுகளைக் காக்கும் பின்தளமே ஈண்டு ஆராயப்படுவது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார் கேட்கலாம். எழுவாயும் செயப்படுபொருளும் அறிந்தவர்க்கு இஃது அந்நிய நிலமன்று என்பது பின்னர்ப் புலனாகும்.

தரவுகளை நிரையும் நிரலுமாக அட்டவணைகளில் வைத்து, அவற்றிடையே தொடர்பு காட்டும் முறையை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கொட் 1970இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அம்முறையைத் தழுவிய போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளிலேயே மாஸ்டடோன் தன் தரவுகளை வைக்கின்றது. அதுவும் திறந்த மூலமே. கலிபோர்னியாவில், பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வின் வழிவந்தது.

இனி அமைப்பைக் காண்போம். உறுப்பினர் கணக்குகளுக்கு ஓர் அட்டவணை. அவர்கள் எழுதும் பதிவுகளுக்கு வேறோர் அட்டவணை. பதிவின் நிரையில் எழுதியவர் பெயர் இராது, அவருடைய கணக்கிலக்கம் மாத்திரமே இருக்கும். பாடசாலையிற் சேர்விலக்கம் செய்யும் வேலையை இவ்விலக்கம் செய்கின்றது. ஒருவர் ஐயாயிரம் பதிவுகள் எழுதியபின் தம் பெயரை மாற்றுகின்றார் என்று கொள்க. பெயர் ஒவ்வொரு பதிவிலும் எழுதப்பட்டிருப்பின் ஐயாயிரம் இடங்களில் திருத்த வேண்டும். ஓரிடம் விடுபடினும் பாடபேதம் பிறந்துவிடும். பெயர் ஓரிடத்தே மட்டும் இருப்பின் ஒரு திருத்தம் போதும்.

ஒருவரை ஒருவர் பின்தொடரும் செய்தியை எங்கே எழுதுவது? தொடக்கநிலை மாணவர் பலரும் கணக்கின் நிரையிலேயே நண்பர் பட்டியலைத் திணிக்க முயல்வர். அது தவறு. பின்தொடர்தல் என்பது ஒருவருடைய பண்பன்று. இருவரிடையே நிகழும் வினை. “கண்ணன் முருகனைப் பின்தொடர்கின்றான்” என்ற வாக்கியத்தில் கண்ணன் எழுவாய், முருகன் செயப்படுபொருள். முருகன் கண்ணனைப் பின்தொடர்கின்றானா என்பதற்கு இவ்வாக்கியத்தில் விடையில்லை. ஆதலின் இவ்வினைக்கெனத் தனி அட்டவணை வேண்டும். அதில் எழுவாய்க்கு ஒரு நிரல், செயப்படுபொருளுக்கு ஒரு நிரல். மாஸ்டடோன் இவ்வாறே செய்துள்ளது. ஒரே இணை இருமுறை பதியாதபடி தனித்தன்மை விதியும் உண்டு. பொத்தானை விரைவில் இருமுறை அழுத்துவோரும் உளரன்றோ!

தடைசெய்தலும் இத்தகைய வினையே. தொல்லை தாங்காத ஒருத்தி ஒருவனைத் தடைசெய்கின்றாள். தடை நிரையைச் சேர்த்தல், அவன் அவளைத் தொடர்வதை நீக்கல், அவள் அவனைத் தொடர்வதை நீக்கல் என மூன்று செயல்கள் உள. இடையில் மின்சாரம் நின்றால் பாதி நடந்து பாதி நடவாதொழியலாம். அம்மீதிப் பாதியில் அவளுடைய அமைதி தங்கியிருக்கின்றது. முற்றும் நிகழ்க, அன்றேல் ஒன்றும் நிகழற்க என்று பல செயல்களைச் சேர்த்துக் கட்டும் வசதி போஸ்ட்கிரெஸில் உண்டு. புதிதாக ஒன்றை அமைப்போர் இதனைப் பயன்படுத்தாது விடுதல் ஆகாது.

பதிவொன்று நீக்கப்படும்போது அதனைச் சார்ந்தவை என்னாகும்? இங்கே மாஸ்டடோனின் விதி நுட்பமானது. பிறர் அப்பதிவை அப்படியே மறுபகிர்வு செய்திருப்பின் அவை மூலத்தோடு ஒழியும். மறுமொழிகளோ ஒழியா, எதற்கு மறுமொழி என்று காட்டும் இலக்கம் மாத்திரம் வெறுமையாகும். மறுமொழி அதனை எழுதியவருடைய சொல்லாதலின் இதுவே முறையெனத் தோன்றுகின்றது.

இதுவரை கூறியன மூலத்தை ஓரிடத்தே வைக்கும் விதி. ஆயினும் வேகம் வேண்டி அவ்விதியை அறிந்தே நெகிழ்த்தும் இடமும் உண்டு. முகப்புப் பக்கம் திறக்குந்தோறும், நாம் தொடரும் எல்லோருடைய பதிவுகளையும் தேடி அடுக்குதல் பெருஞ்சுமை. எழுதுவோரினும் படிப்போரே மிகுதி. ஆகவே ஒருவர் எழுதியவுடன், அப்பதிவின் இலக்கத்தை அவரைத் தொடர்வோர் ஒவ்வொருவரது பட்டியலிலும் முன்கூட்டியே இட்டுவிடுகின்றனர். இப்பட்டியல்கள் ரெடிஸ் என்னும் நினைவகத் தரவுத்தளத்தில் உள்ளன. இடும் வேலையைப் பின்னணியில் ஒரு வரிசை செய்கின்றது. டுவிட்டர் நிறுவனம் 2022 அக்டோபரில் எலான் மஸ்க் கைக்கு மாறியபின் பெருந்திரளானோர் மாஸ்டடோனை நாடினர். அப்பொழுது இவ்வரிசைகள் நீண்டு, பதிவுகள் காலந்தாழ்ந்து சேர்ந்தன. எழுதியவை அழிந்தில, படிகள் சேரத் தாமதித்தன, அவ்வளவே.

தனிமடல்களைப் பற்றியும் ஒரு சொல். மாஸ்டடோனில் பொதுப்பதிவும் தனிமடலும் ஒரே அட்டவணையிலேயே உள்ளன. யார் காணலாம் என்பதை ஒரு நிரல் கூறும். மடல் மறைகுறியாக்கப்பட்டு வைக்கப்படுவதில்லை. எனவே வழங்கியை நடத்துவோர் விரும்பின் படிக்க இயலும். வேறு வழங்கிக்குச் சென்ற பதிவை நீக்குமாறு செய்தி அனுப்பலாம், கட்டாயப்படுத்தல் இயலாது. சங்கமொன்றுக்கோ பாடசாலைக்கோ இதனை நிறுவ எண்ணும் இளைஞர், உறுப்பினரைச் சேர்க்குமுன் இவ்விரண்டையும் அவர்க்குச் சொல்லிவிடல் வேண்டும்.

காப்புப்பிரதி எடுக்குங்கால் எது மூலம், எது படி என்னும் வேறுபாடு கைகொடுக்கும். ரெடிஸிலுள்ள முகப்புப் பட்டியல்கள் அழிந்தால் போஸ்ட்கிரெஸிலிருந்து அவற்றை மீண்டும் ஆக்கலாம். போஸ்ட்கிரெஸ் அழிந்தால் கணக்குகளும் பதிவுகளும் போயின. ஆதலின் அதனை நாடோறும் படியெடுத்து வேறிடத்தில் வைக்க. படங்கள் கோப்புகளாகத் தனியே இருத்தலின் அவற்றுக்கும் வேறு காப்பு வேண்டும். மென்பொருளின் இரகசியச் சாவிகள் அடங்கிய அமைப்புக்கோப்பையும் மறவற்க. எடுத்த பிரதியை வெற்றுப் பொறியொன்றில் ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தபின்னரே உறுப்பினரைச் சேர்க்கத் தொடங்குக.