கோழிக்குச் சால்மோனெல்லாவா? கண்டுபிடிக்கும் வழி

1. தினமும் குஞ்சுகளின் பின்புறத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது போல எச்சம் காய்ந்து ஒட்டி, சிறகு தொங்கி, புரூடர் விளக்கடியில் ஒடுங்கினால் சந்தேகப்படுங்கள். முதல் 3 வாரங்களில்தான் சாவு அதிகம்.

2. பெரிய கோழியின் தோற்றத்தை நம்பாதீர்கள். ஒழுங்காக முட்டையிடும் கோழியும் கிருமியைச் சுமக்கலாம்.

3. ஆழ்கூளக் கொட்டகையா? மாதிரி எடுக்க, ஆய்வகம் தரும் ஈரப் பஞ்சுக் காலுறையைப் பூட்ஸ் மேல் மாட்டி, நடுவில், ஓரத்தில், தண்ணீர்க் குழாயடியில் என்று எங்கும் நடங்கள். நாலைந்து எச்சத்தைக் கிள்ளி எடுப்பதைவிட இதில் கிருமி சிக்கும் வாய்ப்பு அதிகம்.

4. மருந்துக்கு முன்பே மாதிரி எடுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் கிருமி இருந்தும் தெரியாமல் போகலாம்.

5. மாதிரியை ஐஸ் பெட்டியில் அன்றைக்கே அனுப்புங்கள். வெயில் முடிவைக் கெடுக்கும்.

6. ‘இல்லை’ என்று வந்தாலும் மறுபடி சோதியுங்கள். கிருமி விட்டு விட்டுத்தான் வெளியேறும்.