ஃபராக்காவோடு நின்றுபோன இலிஷ்

மழை பிடித்துவிட்டால் கல்கத்தா சந்தைகளில் வேறு பேச்சே இராது. இலிஷ் வந்ததா, கோலாகாட்டா, டயமண்ட் ஹார்பரா, பத்மாவா, கிலோ என்ன விலை என்பதுதான் கேள்வி. நம் சங்க அன்பர்களில் மீன் வாடையே ஆகாதவர்கள் பலர் உண்டு. இது சமையல் குறிப்பு அல்ல என்பதால் அவர்களும் பொறுமையாகப் படிக்கலாம்.

இலிஷுக்குத் தமிழில் உள்ளம் மீன் என்று பெயர். என் பாட்டனார் ஊர் கொள்ளிடக் கரையில், அணைக்கரைக்கு அருகில். ஆற்றில் புதுவெள்ளம் வந்தால் அணைக்குக் கீழே உள்ளம் குவியும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கீழணையை ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டினார். 1934-இல் மேட்டூர் அணையும் வந்து புதுவெள்ளத்தின் போக்கே மாறிய பிறகு, காவிரியில் உள்ளம் அருகிப் போயிற்று. நான் அதைக் கண்ணால் பார்த்தது வங்காளத்துக்கு வந்துதான்.

இந்த மீன் வளர்வது கடலில், முட்டையிடுவது ஆற்றில். மழைக்காலத்தில் நீரோட்டத்தை எதிர்த்துக் கூட்டம் கூட்டமாக ஏறும். நன்கு வளர்ந்த ஒரு பெண் மீன் 10 லட்சம் முட்டைகளுக்கு மேலும் இடும். குஞ்சுகள் நன்னீரில் சில மாதம் வளர்ந்து கடலுக்கு இறங்கும். கங்கையில் அலகாபாத், கான்பூர் வரையும், யமுனையில் ஆக்ரா வரையும் இலிஷ் ஏறியதற்குப் பதிவுகள் உண்டு. கடலிலிருந்து அலகாபாத்துக்கு ஆற்று வழியாக 1,000 கிலோமீட்டருக்கு மேல்!

1975-இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 2,240 மீட்டர் நீளம், 109 மதகுகள். வண்டல் சேர்ந்து தூர்ந்துவந்த கல்கத்தா துறைமுகத்தைக் காப்பதுதான் நோக்கம். அதற்காக 38 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, வினாடிக்கு 40,000 கன அடி வரை பாகீரதிக்குத் திருப்ப ஏற்பாடு செய்தார்கள்.

1980-களில் அந்தப் பகுதியில் எனக்குத் தண்டவாளப் பராமரிப்பு வேலை. அணையின் மேலேயே ரயில் பாதை போகிறது. டிராலியில் போகும்போது கீழே எட்டிப் பார்ப்பேன். மதகைச் சற்றே தூக்கினால் தண்ணீர் அடியில் பீறிட்டுப் பாயும். அந்த வேகத்தை எதிர்த்து மீன் நீந்த முடியாது. சால்மன் மீனைப் போலத் துள்ளித் தாண்டும் வழக்கமும் இலிஷுக்கு இல்லை. ஆகவே படிப்படியாகத் தொட்டி கட்டிவிடும் மீன் ஏணியாலும் பெரிய பயன் இல்லை. ஃபராக்காவில் மீன்களுக்கென்றே இருபுறமும் கதவு வைத்த அறைகளைக் கட்டித்தான் இருந்தார்கள். மீன் உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, நீரை உயர்த்தி, மேற்கதவைத் திறக்க வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் குறையே தெரியாது. நடப்பில் அதனால் பலன் கிட்டவில்லை.

அணைக்கு மேலே உள்ள ராஜ்மகலில் வயதான மீனவர் ஒருவர் எங்கள் கேங்மேன்களுக்குப் பழக்கம். இலிஷுக்கென்று வைத்திருந்த பெரிய கண் வலைகளைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டதாகச் சொன்னார். “பாபு, பாலம் கட்டினீர்கள், சரி. மீனை ஏன் நிறுத்தினீர்கள்?” என்று கேட்டார். நான் கட்டவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் டிப்ளமோ பாடத்தில் வெள்ள அளவு, மணல் அரிப்பு, தூண் ஆழம் எல்லாம் இருந்தன. மீன் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால்வாய் நீரால் ஹூக்ளியில் உப்பு குறைந்தது. கடல்சார் மீன்கள் கீழே பின்வாங்கின. இலிஷுக்கு முட்டையிட அங்கே நன்னீர்ப் பரப்பு கூடியது. ஹூக்ளி மீனவருக்குச் சில காலம் லாபம்தான். அலகாபாத் மீனவருக்கு அது ஈடாகுமா?

ஹூக்ளியிலும் இப்போது வேறு தொல்லை. சிறுகண் வலைகளில் இலிஷ் குஞ்சுகள் அள்ளப்படுகின்றன. ‘கோகா இலிஷ்’ என்று சந்தையில் மலிவாகக் கிடைப்பது அதுதான். 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிப்பதற்கு 2013-இல் மேற்கு வங்க அரசு தடை விதித்தது. சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு சாண் அளவைக் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும். அதற்கும் சின்னதாக இருந்தால் அது இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத மீனாகவே இருக்கும்.

ஃபராக்காவில் கப்பல்களுக்கான புதிய நீர்க்கதவு அறையை, இலிஷ் பருவத்தில் இரவு நேரங்களில் மீன்களுக்காகவும் திறக்கத் திட்டமிட்டிருப்பதாக 2019-இல் அறிவிப்பு வந்தது. பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆய்வு நிலையத்தார் அணைக்குக் கீழே பிடித்த இலிஷ்களை உயிரோடு மேலே கொண்டுபோய்விடுகிறார்கள். எவ்வளவு தூரம் போகிறது என்று அறிய, சிலவற்றின் உடலில் அடையாளச் சீட்டு கட்டி விடுகிறார்கள். சீட்டோடு மீன் கிடைத்தால் தகவல் தரும்படி மேலே உள்ள மீனவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.