விதியும் காட்டும்: இலக்கணப் பாடம் பற்றிச் சில எண்ணங்கள்

இலக்கண பாடவேளை வந்தவுடனே வகுப்பில் ஒரு சோர்வு பரவுவதை ஆசிரியத் தொழிலிலுள்ள நம்மவர் யாவரும் அறிவர். விதியை முன்னே கூறி உதாரணத்தைப் பின்னே காட்டும் பழைய முறையே அச்சோர்வுக்குக் காரணமென்று பயிற்சிக் காலத்தில் நமக்குப் போதிக்கப்பட்டது. கல்வி நூலார் அதனை விதிவிளக்கு முறை என்பர். உதாரணங்கள் பலவற்றை முன்வைத்து, மாணாக்கர் தாமே விதியைக் கண்டுகொள்ளும்படி செய்வது விதிவருமுறையாம். தென்மார்க்கு நாட்டு மொழிநூலறிஞர் ஒத்தோ எசுப்பேர்சன், 1904இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தமது நூலிலே பின்னதன் பக்கமே பரிந்து பேசினார். நாமும் சில காலம் அதனையே வேதமெனக் கொண்டிருந்தோம். இப்பொழுது அவ்வளவு உறுதியில்லை. அவ்வுறுதி குலைந்தது கட்டைபறிச்சானில்.

அதைச் சொல்லுமுன் நம் முன்னோர் முறையை ஒருவாறு நோக்குதல் தகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரம் உட்பட 462 சூத்திரங்களாலானது. மனனம் செய்தற்கென்றே யாத்த நூல் அது. ஆனால் சூத்திரத்தை ஒப்பித்தாற் போதுமென்று அவர் கருதினாரல்லர். காண்டிகையுரைக்கு இலக்கணம் கூறுமிடத்து, கருத்து, பதப்பொருள், காட்டு என்னும் மூன்றோடு வினாவையும் விடையையும் சேர்த்தே கூறினார். காட்டு என்றது உதாரணத்தை. ஆகவே விதி முன்னும் காட்டுப் பின்னும் வருதல் மட்டுமன்றி, அதன்பின் மாணாக்கன் ஐயுற்று வினாவுதலும் அம்முறையின் உறுப்பாயிற்று. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், இலக்கணச் சுருக்கத்தில் விதிகளை எளிய வசனத்தில் அமைத்து உடனுக்குடன் உதாரணம் தந்தார். நாம் பழைய முறையென்று பழித்தது உண்மையில் அம்முறையையன்று. வினாவும் விடையும் கழிந்துபோன அதன் எச்சத்தையே.

கொட்டியாரக் குடாக் கரையில், மூதூருக்கு அணித்தேயுள்ள அவ்வூரில் நாம் சில ஆண்டுகள் கற்பித்தோம். வயலும் களப்பும் சூழ்ந்த ஊர். பிள்ளைகள் காலையில் வலையிழுத்துவிட்டோ, வயலிற் குருவி துரத்திவிட்டோதான் பாடசாலைக்கு வருவர். ஒருநாள், இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது என்னும் விதியைக் கரும்பலகையில் எழுதி, கதை சொன்னான், வலை போட்டான், விதை தெளித்தான் எனக் காட்டும் எழுதினோம். பிள்ளைகள் சோர்வின்றி ஒப்பித்தனர். நமக்கும் திருப்தியே. பின்னர்க் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தும்போது, தம் ஊர்ப்பெயரைப் பாதிப்பேர் 'கட்டைப்பறிச்சான்' என்றும் பாதிப்பேர் 'கட்டைபறிச்சான்' என்றும் எழுதியிருக்கக் கண்டோம். பகரமெய் வந்தவற்றைச் சிவப்பு மையால் அடித்தோம். கட்டையைப் பறித்தான் என்பது தானே தொகையாயிற்று? விதி தெளிவாயிருந்தது. (ஊர்ப்பெயரின் வரலாற்றை நாம் ஈண்டு ஆராயவில்லை; சொல்லின் உருவத்தை மாத்திரமே கொள்கின்றோம்.)

மறுநாள் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, பூச்சிக்கொல்லி என்று போத்தலில் எழுதியிருக்குது. அதுவும் பூச்சியைக் கொல்லுவதுதானே? அங்கே ஏன் க் வந்தது?" என்றான்.

நம்மிடம் விடையில்லை. நாளை சொல்லுவோம் என்று அமர்த்திவிட்டோம். அந்த நாளை ஒரு கிழமையாயிற்று. நாம் பயின்ற பாடப்புத்தகத்தில் விதி ஒற்றை வரியாயிருந்தது. நன்னூலைப் புரட்டியபின்னரே உண்மை விளங்கிற்று. இரண்டாம் வேற்றுமைப் புணர்ச்சிக்குப் பவணந்தியார் தனியே ஒரு சிறப்பு விதி வகுத்துள்ளார். பொதுவிதிப்படி இயல்பாக வேண்டிய இடத்தில் விகாரப்பட்டும், விகாரப்பட வேண்டிய இடத்தில் இயல்பாயும் அவ்வேற்றுமை வரும் என்பது அதன் கருத்து. வல்லினம் மிகாது என்ற ஒற்றை வரி, அப்பரந்த விதியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கென நறுக்கியெடுத்த துண்டு. பெரும்பான்மைக்கு அது பொருந்தும். அதனால் ஊர்ப்பெயரை ஒற்றின்றி எழுதுதல் முறையே. ஆயினும் ஒற்றிட்டு எழுதிய பிள்ளை அறிவிலியல்லன். சிவப்பு மையை நாம் சற்று அவசரமாகவே செலவிட்டோம்.

இதனை வகுப்பிற் கூறியபோது முன்னெப்பொழுதுமில்லாத ஆரவாரம் எழுந்தது. விதி பிழைக்கக்கூடும் என்பதைக் கேட்டவுடனே விதியின்மேற் பிள்ளைகளுக்கு விருப்பம் பிறந்துவிட்டது! கடைப்பலகை, திருமண அழைப்பு, உரப்பை என்று கண்ட இடமெல்லாம் சொற்களைப் பொறுக்கி வந்தனர்.

அப்பெயரின் பின்பாதியை மட்டும் நாம் மறுமுறையாற் கற்பித்தோம். பறித்தான் எப்படிப் பறிச்சான் ஆயிற்று? இதற்கு விதி கூறாமல், வீட்டிற் பேசும் சொற்களையே கேட்டோம். படிச்சான், அடிச்சான், சிரிச்சான், வச்சான் என ஒரு வரிசையும், எடுத்தான், கொடுத்தான், பார்த்தான் என மற்றொரு வரிசையும் பலகையில் ஏறின. இகரத்திலும் ஐகாரத்திலும் முடியும் பகுதிகளின்பின் தகரம் பேச்சிற் சகரமாகின்றது என்று பிள்ளைகளே கண்டனர். தெரிஞ்சது, காஞ்சது என்று யகரமெய்யையும் ஒருத்தி சேர்த்தாள். பேச்சு அவர்கள் நாவிலேயே உள்ளது. அங்கே விதியை வெளியிலிருந்து கொண்டுசெல்ல வேண்டுவதில்லை. புணர்ச்சி அவ்வாறன்று. எழுத்து வழக்கில் மட்டுமே விளங்கும் ஒற்றைக் காதாற் கேட்டுக் கண்டுபிடியென்று பிள்ளையிடம் விடுதல், குருடனிடம் விளக்கைக் கொடுத்து வழிபார் என்பது போலாம்.

இன்னொன்றும் கூறவேண்டும். 2006இல் மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்து வாகரை வழியாக மட்டக்களப்புப் பக்கம் சென்றபோது, புத்தகங்களை எடுத்தவர் எவர்? அவ்வகுப்பில் இருந்த ஒருவர் முகாமிலே சிறு பிள்ளைகளைக் கூட்டிவைத்து, தாம் மனனம் செய்த வேற்றுமை விதிகளைச் சொல்லிக்கொடுத்ததாகப் பின்னர் நம்மிடம் கூறினார். காட்டுக்களுக்குக் கூடாரத்திலிருந்த பொருள்களே உதவினவாம்: தண்ணீர் குடித்தான், பாய் கொடுத்தான், கடிதம் கிழித்தான். ஆசிரியரிடம் கேட்பதால் காற்பங்கும், உடன் பயில்வோருடன் பழகுவதாற் காற்பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்பது நன்னூற் பாயிரக் கருத்து. அந்த அரைப்பங்கை அவர் அங்கே பெற்றார். பூச்சிக்கொல்லி பற்றியும் அங்கே ஒரு பிள்ளை வினாவியதோ என்று கேட்டோம். "அது வந்தது ஐயா, நான் முதலே சொல்லிப்போட்டேன்" என்றார்.