தைப் பொங்கலும் கூரைத் தகடுகளும்

‘காற்றுள்ள போதே தூற்றிக்கொள்’ என்பர் நம் முன்னோர். வெயிலுக்கும் இது பொருந்தும்.

டத்தோ கிராமாட்டில் வசிக்கும் என் மாமா, சேமநிதிப் பணத்தைக் கொண்டு தம் வரிசை வீட்டுக் கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தினார். ஜூன் மாதம் மின்கட்டணம் வெகுவாகக் குறைந்தது. அக்டோபரில் ஏறியது. மழைதான் காரணம் என்றோம். ஜனவரியில் மழை ஓய்ந்து நல்ல வெயில் அடித்தும் கட்டணம் இறங்கவில்லை. “காசெல்லாம் வீணாப் போச்சும்மா” என்றார் மாமா.

பொங்கலன்று அவர் வீட்டிற்குச் சென்றபோது, ஒரு மீட்டர் குச்சியை முற்றத்தில் நட்டுப் பார்த்தேன். உச்சிவேளையில் நிழல் வடக்கே ஏறக்குறைய அரை மீட்டர் நீண்டது. உச்சிவேளை என்பது இங்கே 12 மணியன்று. 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் கிழக்கு 120 பாகையைப் பின்பற்றுகிறது. பினாங்கோ 100 பாகையை ஒட்டியுள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், சூரியன் நமக்கு உச்சிக்கு வரப் பகல் 1.20க்கு மேலாகிவிடும்.

பினாங்கு வடக்கு 5.4 பாகையில் இருப்பதால் ஜூனில் சூரியன் நமக்கு வடக்கேயும் ஆண்டிறுதியில் தெற்கேயும் நிற்கிறது. மாமாவின் தகடுகளுக்குத் தெற்கே தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஜூனில் அதன் நிழல் விலகி விழுந்தது. ஜனவரியில் தகடுகள் மேலேயே விழுந்தது. தகடுகள் சங்கிலிபோல் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றின் விளைச்சலையும் குறைக்கக்கூடும். தொட்டியை இடம் மாற்றினோம். பிப்ரவரியில் கட்டணம் இறங்கியது. சூரியன் வடக்கே நகர்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகலாம். வரும் பொங்கலே சரியான தேர்வு.

இதிலிருந்து நாம் கற்பவை:

1. தகடு பொருத்துமுன் ஜூனிலும் டிசம்பரிலும் நிழல் எங்கே விழும் என்று பாருங்கள்.

2. லண்டனில் டிசம்பர் நண்பகல் சூரியன் 15 பாகை உயரமே ஏறும். ஆகவே அங்கே தகடுகளை அதிகம் சாய்ப்பர். இங்கே அது 61 பாகை. மழைநீர் தூசியைக் கழுவி வழியும் அளவிற்கு, 10 முதல் 15 பாகைச் சாய்வு போதும்.

3. நெம் 3.0 திட்டம் 2025 ஜூன் 30இல் முடிந்தது. 2026 ஜனவரி 1இல் தொடங்கிய சோலார் அடாப் திட்டத்தில் மிஞ்சிய மின்சாரத்தின் கழிவு அடுத்த மாதத்திற்குச் செல்லாது. ஆகவே துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் காலை 11 முதல் மாலை 4 மணிக்குள் முடித்துக்கொள்வது நன்று.

பள்ளியில் படித்த பாகைக் கணக்கு, மாமாவின் மனக்கவலையைத் தீர்க்க உதவும் என்று நான் நினைத்ததில்லை. கற்றதை வீட்டுக் கூரைவரை கொண்டு செல்வோம்!