காமாலையும் மருந்தின் தேவையும்

கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்துக் குடிப்பது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். அசுத்த நீரால் பரவும் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமே தணிவன. புகழோ மூலிகையைச் சேருகிறது. எனினும் கருவுற்ற பெண்டிருக்கு இ வகை பேராபத்து விளைவிக்கும்.

பி, சி வகைகள் இரத்தத்தின் வழியே பரவுவன. ஒருவருக்குப் போட்ட ஊசி, சவரக்கத்தி, பச்சை குத்தும் ஊசி ஆகியன இவற்றைக் கடத்தும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றும். ஊசி போடாத வைத்தியரை வைத்தியராகவே மதியாத நம் மனப்பான்மையும் இதற்குத் துணை போகிறது. கண் மஞ்சளிக்காமலே பல ஆண்டுகள் கல்லீரலை இந்நோய் அரித்துவிடும்.

சி வகையைப் பிற மருந்துடன் சேர்ந்து பன்னிரண்டு வாரங்களில் தீர்க்கும் சோபாஸ்புவிர், 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அங்கு ஒருவருக்கு 84,000 டாலர் விலையாயிற்று. 2014இல் இந்தியக் கம்பெனிகள் உரிமம் பெற்று இங்கேயே தயாரிக்க முற்பட, விலை பன்மடங்கு வீழ்ந்தது. பஞ்சாப் அரசு 2016இல் இலவசச் சிகிச்சையைத் தொடங்கிற்று. 2018 ஜூலை 28 அன்று தேசியத் திட்டமும் தொடங்கப்பெற்றது.

மருந்து மலிந்தும் குறை தீரவில்லை. காரணம் யாதெனில், சோதனை செய்துகொள்ளாதவரின் நோய் எந்த மருந்துக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆதலின் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கண்டு, இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். பி வகையை அடக்கிவைக்க மாத்திரை உண்டு. அறவே நீக்கும் மருந்து இல்லை. ஆகவே குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசி இடுவது இன்றியமையாதது. நோயுற்றவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதால் பி, சி வகைகள் தொற்றா என்பதையும் ஊராருக்கு எடுத்துரைத்தல் நலம். அந்த அச்சத்தாலேயே சோதனைக்கு வராதோர் பலர்.